குணேஸ்வரியின் கொடிக்கம்பி

என் மனைவி குணேஸ்வரி உடுப்புக் காயப்போடும் கம்பியை எங்கள் வீட்டு வளவிலிருந்து அகற்றியே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானித்தேன். யுத்தம் நடந்த காலம். நாட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ பெரிய தீர்மானங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்த்தது இது.

எனக்கு அமெச்சூர் வானொலிப் பைத்தியம். திருகோணமலையில் அப்போது நம் குரலை அனுப்பிக் கதைக்கும் பெட்டி வைத்திருக்க ஏலாது. கேட்கும் பெட்டியோடு திருப்திப்பட வேண்டும். வளவில் ஒரு கோபுரம் எழுப்பினால் நேவிக்காரர் வந்துவிடுவார்கள். ஆகவே நான் அன்டெனாக்களைக் கொம்பியூட்டருக்குள் கட்டினேன். கம்பியின் நீளம், உயரம், திசை எல்லாவற்றையும் இலக்கங்களாகக் கொடுத்தால், எந்தப் பக்கத்து அலையை அது நன்றாகப் பிடிக்கும் என்று பூசணிக்காய் மாதிரி ஒரு படம் கீறிக் காட்டும். கொம்பியூட்டருக்குள் நிற்கும் கோபுரத்துக்கு எந்தச் சென்றிக் காவலரணிலும் பாஸ் கேட்பதில்லை.

"இண்டைக்கு எந்த ஊருக்குப் போகுது உங்கட ஏரியல்?" என்பாள் குணேஸ்வரி.

"பிரேசிலுக்கு."

"வரேக்குள்ள மீன் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கோ."

உண்மையாகக் கட்டியது ஒன்றே ஒன்று. தென்னைக்கும் குசினிக் கூரைக்கும் இடையில் ஒரு மெல்லிய செப்புக் கம்பி. அதுவும் பக்கத்து வீட்டு லாபிருக்காக. லாபிருக்கு மஸ்கட்டில் வேலை. அங்கே லைசென்ஸ் எடுத்து, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிய உலகத்தோடு கதைப்பான். முந்தின வெள்ளி அவனுடைய குரல் என் பெட்டியில் விழுந்தது. நான் மதிலுக்கு ஓடினேன். லாபிரின் மனைவி நபீஸா அந்தப் பக்கம் நின்றாள்.

"தங்கச்சி! வாற வெள்ளி பின்னேரம் வாங்கோ. உங்கட ஆள்ர குரலைக் கேட்க வைக்கிறன்."

"மெய்யாவா அண்ணன்? டெலிபோன் செத்ததிலயிருந்து கடிதம்தான். அதில சுகம், சுகம் எண்டு மட்டும்தான் எழுதுறார். குரலைக் கேட்டாத்தானே எனக்குத் தெரியும்."

"பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிக் கேட்கும். இது இந்தக் கனகரத்தினத்தின்ர அன்டெனா!"

இப்படி வாயை விட்ட பிறகுதான் பயம் பிடித்தது. கொம்பியூட்டரைத் திறந்து பார்த்தேன். படம் அழகாக இருந்தது. ஏனென்றால் கொம்பியூட்டருக்குள் இருந்த என் வளவில் கிணறு இல்லை, முருங்கை இல்லை, மனைவி இல்லை. எல்லாம் சரியாக வேலை செய்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். செப்புக் கம்பிக்குக் கிழக்கே, கடல் பக்கமாக, குணேஸ்வரியின் இரும்புக் கொடிக்கம்பி குறுக்கே கிடந்தது. பக்கத்தில் இரும்பு கிடந்தால் அலையைக் கெடுக்கும் என்று நினைத்தேன். எதிரி!

கடைக்குப் போய் நீலநிற நைலோன் கயிறு வாங்கி வந்தேன்.

"இஞ்சேர், உனக்கு ஒரு சாமான் வாங்கினனான்."

"எனக்கோ? என்ன பிழை செய்தனீங்கள்?"

"ஒரு பிழையும் இல்லை. உன்ர கொடியில இரும்புக் கறள். சேலையெல்லாம் பழுதாப் போகுது. இது நைலோன்."

"கல்யாணம் கட்டின நாளிலயிருந்து கறள் பிடிச்சுத்தான் கிடக்கு. இண்டைக்கோ கண் தெரிஞ்சது?"

"அக்கறையில சொல்லுறன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, கழட்டுங்கோ" என்றாள்.

இவ்வளவு லேசாக அவள் இணங்கியபோதே நான் கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கழற்றினேன். அவள் கம்பியைச் சுருட்டி எங்கேயோ வைத்தாள்.

வெள்ளி வந்தது. நபீஸா வட்டிலப்பத்தோடு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திருகினேன். இரைச்சல். இன்னும் திருகினேன். இன்னும் இரைச்சல்.

"மீன் பொரிக்கிற சத்தம் கேட்குது அண்ணன். இவர் அங்க குசினியிலயா வேலை?"

"கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி."

பொறுத்தாள். முகம் வாடிக்கொண்டு வந்தது. லாபிர் நெடுநேரம் கதைப்பவன் அல்ல. சாப்பாட்டுக்குப் போய்விடுவான்.

அப்போது வளவில் குணேஸ்வரி கத்தும் சத்தம். கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் தெருவில் மாடு மாதிரித் திரியும். எட்டிப் பார்த்தேன். நனைந்த சேலைப் பாரத்தில் நைலோன் கயிறு நிலம் வரை தொய்ந்திருக்கிறது. ஒரு கொம்பன் மான் வந்து முந்தானையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மிச்சச் சேலையோடு குணேஸ்வரி உள்ளே வந்தாள்.

"இதுதான் உங்கட அக்கறை."

"பிறகு கதைப்பம். லாபிரைக் காணேல்லை!"

"போன கிழமை வந்தவர்தானே. பிறகு என்னத்தை மாத்தினீங்கள்?"

"ஒண்டும் மாத்தேல்லை. அன்டெனா அப்பிடியே இருக்கு."

"வளவில?"

நான் பெட்டியைத் திருகினேன்.

"கம்பியைக் கழட்டின கையோட உங்கட பெட்டி இரையத் தொடங்கிட்டுது" என்றாள். "எனக்குச் செவ்வாய்க்கிழமையே விளங்கிட்டுது."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் கேட்கிற ஆளே? சாட்சிக்கு ஒரு ஆள் வரட்டும் எண்டு பாத்தனான்."

"கம்பி எங்க?"

"எந்தக் கம்பி? கறள் பிடிச்ச கம்பியோ?"

"என்ர குணம், கும்பிட்டன், தா!"

"இனிமேல் துவைச்ச உடுப்பை நீங்கள்தான் விரிக்க வேணும். ஓமோ?"

"அண்ணன், ஓமெண்டு சொல்லுங்களன்! அவர் எழும்பிப் போயிடுவார்!" நபீஸா அழும் நிலையில் இருந்தாள்.

ஓம் என்றேன். கம்பி அலுமாரிக்கு மேலிருந்து வந்தது. நான் பழையபடி முருங்கையில் ஒரு முனையைக் கட்டி, கிணற்றுத் தூணில் மற்ற முனையை இழுத்து முறுக்கினேன். முறுக்கி முடிக்கவில்லை, உள்ளே நபீஸாவின் குரல் கிளம்பியது.

"இவர்தான்! அக்கா, இவர்தான்!"

ஓடிப்போனேன். லாபிர் இங்கிலீஷில் யாரோ இத்தாலிக்காரனிடம் காலநிலை சொல்லிக்கொண்டிருந்தான். நபீஸா முக்காட்டை ஒதுக்கிக் காதைப் பெட்டியோடு வைத்திருந்தாள். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக இருந்தாள்.

"சளி பிடிச்சிருக்கு அக்கா. சுகமாம்! பொய்க்காரன். இஞ்சி போட்டுக் குடிக்கச் சொல்லி இண்டைக்கே எழுதுறன்."

நபீஸா வீட்டுக்குப் போன கையோடு கொடிக்கம்பியையும் இலக்கமாக்கிக் கொம்பியூட்டருக்குக் கொடுத்தேன். பூசணிக்காய் ஒரு பக்கமாக நீண்டு மஸ்கட்டை நோக்கிக் கும்பிட்டது. அன்டெனாவுக்குப் பின்னால் சற்று நீளமான கம்பி ஒன்று சரியான தூரத்தில் நின்றால், முகம் பார்க்கும் கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்புவது போல் அலையைத் திருப்பிவிடும். இது நான் புத்தகத்தில் படித்தது. தான் படிக்காமலே அதைக் கட்டியிருந்தது குணேஸ்வரிக்குத் தெரியாது. ஆகவே புகழை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "அண்ணன் புதுசா ஒரு அன்டெனா டிசைன் பண்ணியிருக்கிறார் எண்டு லாபிருக்கு எழுதுங்கோ" என்று மதிலால் எட்டி நபீஸாவிடம் சொல்லியும் வைத்தேன்.

நபீஸா எழுதினாள். நடந்ததை எழுதினாள்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வெள்ளி, நான் ஈரச் சட்டைகளை விரித்துவிட்டு வந்து பெட்டி முன்னால் இருந்தேன். குணேஸ்வரியும் நபீஸாவும் பக்கத்தில். லாபிர் அதே இத்தாலிக்காரனிடம் சொல்கிறான்: திருகோணமலையில் மிஸிஸ் குணேஸ்வரி என்று ஒரு அம்மா இருக்கிறா, அவ போட்ட டிசைன் பிரமாதம், அவவின் கணவர் உடுப்பு விரிப்பதில் கெட்டிக்காரர். இத்தாலிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த அம்மாவின் டிசைனைத் தனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டு, விலாசத்தையும் சொன்னான்.

"என்னவாம்?" என்றாள் குணேஸ்வரி.

"டிசைன் வேணுமாம்."

"பாவம், அங்கயும் மனிசிமாருக்குக் கொடி இல்லையாக்கும். அனுப்பி விடுங்கோ. என்ர பேரை முழுசாப் போடுங்கோ."

குணேஸ்வரி இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள். நான் இன்னும் பெரிய மடையனாக வந்திருப்பேன்.

என் ஆயுளில் ஓர் அன்டெனா டிசைன் உண்மையாகவே கடல் கடந்து போனது. கொம்பியூட்டரிலிருந்து அதைப் பதிந்து அனுப்பிய டிஸ்கெட்டில் அவள் பெயர் இருந்தது. என் பெயர் உறையின் பின்பக்கம், 'அனுப்புபவர்' என்ற இடத்தில்.