புள்ளியும் ஏழு டப்பாக்களும்

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. ஏழு டப்பாக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உயர வாரியாக வரிசையில் நின்றன. ஜன்னல் வழியே வந்த வெயிலில் பொடித்தூசி மெல்ல நீந்திக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார் புள்ளி.

"இதுல எதை எடுத்தா நான் சாப்பிட இடம் கிடைக்கும்?" என்றாள் மனைவி.

"எதையும் எடுக்காதே. சோதனை நடக்குது."

"உங்களுக்கா? எனக்குன்னுல்ல நினைச்சேன்."

புள்ளி அவருடைய இயற்பெயர் அல்ல. லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் அவர் பிழை திருத்துபவர். ஜாம் புட்டியோ இருமல் மருந்தோ, ஒட்டப்போகும் சீட்டில் ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விடுபட்டிருந்தால் பத்தடி தூரத்திலேயே அவர் மூக்கு விடைக்கும். அதனால் அலுவலகம் வைத்த பெயர். இருபது வருஷ உழைப்புக்குப் பிறகும் பெரும்புள்ளி ஆகவில்லை. வெறும் புள்ளிதான்.

போன வருஷம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானில் ஓடினார். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஓடினார். முப்பதாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் கல்லாகி, கண் இருட்டி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளக் கடைசியில் வரும் வேன் அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து சைக்கிள் பந்தயக்காரனான அவருடைய மச்சான், யார் வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான் அறிமுகம் செய்துவைத்தான்:

"எங்க மாமா. மாரத்தானை உட்கார்ந்துகிட்டே முடிச்சவரு."

எல்லோரும் சிரிப்பார்கள். புள்ளியும் சிரிப்பார். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார்.

இந்த வருஷம் எப்படியாவது முடிவு வளைவுக்குக் கீழே தன் காலாலேயே போய்விட வேண்டும். அதற்குத் தண்ணீர் போதாது, மாவுச்சத்தும் உப்பும் கலந்த பொடி வேண்டும் என்று தெரிந்துகொண்டார். எந்தப் பொடி என்பதுதான் கேள்வி; ஏழு வகை வாங்கி மேசையில் அடுக்கிவிட்டார். மச்சானிடமே கேட்டார்.

"மணிக்குத் தொண்ணூறு கிராம் மாவுச்சத்து, மாமா. யோசிக்கவே யோசிக்காதீங்க."

"வயிறு தாங்குமா?"

"வயித்தைப் பழக்கணும். நான் பழக்கலையா?"

"நீ பழக்குனது எங்க வீட்டுச் சாப்பாட்டுல."

ஆனாலும் புள்ளி தொண்ணூறு கிராமை ஒரே புட்டியில் கொட்டிக் கலக்கினார். போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி வந்தது. குடித்துவிட்டு ஏரிக்கரையில் ஓடினார். நாலாவது கிலோமீட்டரில் வயிற்றுக்குள் யாரோ படகு விட ஆரம்பித்தார்கள். அன்று ஓடியது பன்னிரண்டு கிலோமீட்டர். அதில் ஏழு, கழிப்பறை தேடி ஓடியது.

"மாவு வேண்டாம். குறை உப்புலதான்," என்று முடிவுகட்டினார். உப்புப் பொடி கலக்குமுன் தன் வியர்வையில் எவ்வளவு உப்பு போகிறது என்று தெரிய வேண்டுமே? ஓடிவந்து பனியனைக் கழற்றிச் சமையலறைத் தராசின் தட்டில் பிழிந்தார். அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள். அவள் ரொட்டி அடுமனையில் மாவு பிசையும் பிரிவுக்குத் தலைவி.

"என்ன பண்றீங்க?"

"என்னை அளந்து பார்க்கிறேன்."

"உங்களை நான் என்னிக்கோ அளந்தாச்சு. முதல்ல தராசைக் கழுவுங்க."

எண்பது கிராம் வியர்வை. உப்பு எவ்வளவு என்று தராசு சொல்லவில்லை. குத்துமதிப்பாக நாலு கரண்டி போட்டார். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. தாகத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்கு மறுபடி உப்பு. திரும்பி வரும்போது விரல்கள் வீங்கிக் கல்யாண மோதிரம் கழலவில்லை. இரண்டு பேருமாகச் சோப்பு போட்டு இழுத்தார்கள்.

"இருபது வருஷம் கழிச்சு இப்பதான் என் பிடி இறுகியிருக்கு," என்றாள் மனைவி, மூச்சு வாங்க.

மறுநாள் டப்பாக்களுடன் கடைக்கே போனார். விளையாட்டுச் சாமான் கடையில் பொடிப் பிரிவைப் பார்த்துக்கொள்வது ஒரு பெண். புள்ளி டப்பாக்களை அவள் முன் பரப்பினார்.

"இங்க பாருங்கம்மா. ஒரு கரண்டி முப்பது கிராம்னு போட்டிருக்கு. உள்ளே கிடக்கிற கரண்டி இருபத்திரண்டுதான் பிடிக்குது. இந்த டப்பாவுல 'பொட்டாசியம்'ல ஒரு புள்ளியைக் காணோம். இதுல..."

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "சார், நீங்க ஓடப் போறீங்களா, படிக்கப் போறீங்களா?"

"ஓடத்தான்."

"அப்ப மணிக்கு அறுபது கிராம் போதும். உப்பு ஒரு சிட்டிகை. வாய்க்குப் பிடிச்சதா ஒண்ணு எடுத்துப் பழகுங்க. கடைசி நாள்ல மாத்தாதீங்க, அவ்வளவுதான்."

பிடித்தது எது என்று பார்க்க இருபது மாதிரிப் பொட்டலங்களையும் இலவசமாகக் கொடுத்தாள். அதுதான் வினையாயிற்று. மாரத்தானைத் தவிர புள்ளி எதையும் பாதியில் விட்டவரல்ல. மதியத்துக்குள் இருபதையும் குடித்துப் பார்த்தார். அவற்றில் ஆறில் காபிச் சத்து இருந்தது. அன்று பிற்பகல் அச்சகத்தில் பதினோரு வார்த்தை உள்ள ஒரு ஷாம்பு லேபிளில் நாற்பத்தொரு பிழை கண்டுபிடித்தார். மேலாளர் அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

இனி எந்த லேபிளையும் நம்புவதில்லை என்று சபதம் எடுத்தார். எல்லாப் பொடியையும் கண்ணாடி ஜாடிகளில் மாற்றி, தன் கையாலேயே பிழையில்லாமல் சீட்டு எழுதி ஒட்டினார். ஜாடிகளை அடுப்புக்கு மேல் அலமாரியில் அடுக்கினார். கெட்டிலின் ஆவி ஏறி, சாயங்காலத்துக்குள் ஏழு சீட்டும் உதிர்ந்து தரையில் கிடந்தன. அலமாரியில் ஏழு வெள்ளைப் பொடிகள், பனிமூட்டத்தில் நிற்கும் ஆட்களைப் போல, முகமில்லாமல் நின்றன.

புள்ளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இந்தத் தடவையும் வேன்லதான் வரப்போறேன்," என்றார்.

மனைவி அலமாரியருகே போனாள். ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். மாவோடு பிறந்த நாக்கு அது. "இது இனிப்பு. இது உப்பு. இது ரெண்டும். இது சும்மா விளம்பரம்." மூன்றை எடுத்தாள், நாலை மூடினாள். அளந்து கலந்து புட்டியில் ஊற்றி நீட்டினாள்.

புள்ளி ஒரு வாய் குடித்தார். லேசான தித்திப்பு. அதற்குள் எங்கோ, அழுது முடித்த பிறகு உதட்டில் தங்குகிற மாதிரி ஒரு உப்பு. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. கால் கேட்டது, இன்னும் கொஞ்சம் என்று.

"இதுதான்," என்றார் மெதுவாக.

"மணிக்கு ஒண்ணு," என்று அவள் ஆறு பொட்டலங்கள் மடித்துக் கொடுத்தாள்.

அதன்பின் வேறெதையும் தொடவில்லை. விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ணிய நாளும் விடிந்தது. மனைவி இருட்டோடு அடுமனைக்குப் போய்விட்டாள். புள்ளி புட்டியைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. முந்தின ஓட்டத்தின் சர்க்கரை மூடியில் காய்ந்து சிமெண்டாகிவிட்டிருந்தது. கதவிடுக்கில் வைத்துத் திருகி, வெந்நீரில் முக்கி, கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தபோது அரை மணி நேரம் போய்விட்டது.

தொடக்கக் கோட்டுக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். யாருமில்லை. சாலையில் வெள்ளைக் கோடு மட்டும், ஓரமாகச் சாய்த்துவைத்த தடுப்புகள், எங்கும் பால் மாதிரிப் பனி. எல்லோரும் போய்விட்டார்கள். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது. புள்ளி கோட்டைத் தாண்டி ஓடத் தொடங்கினார்.

அப்படி ஒரு ஓட்டம் அவர் ஓடியதே இல்லை. முன்னால் யாருமில்லை, பின்னால் யாருமில்லை. தன் காலடிச் சத்தம் பனிக்குள் போய், யாரோ கூட ஓடுவதைப் போலத் திரும்பி வந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து பார்த்துவிட்டுப் போயின. ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு மேசை, அதன் மேல் காகிதக் குவளைகள். அடுக்கிக்கொண்டிருந்த அம்மாள் அவரைக் கண்டு திடுக்கிட்டாள்.

"என்ன சார், இப்ப ஓடுறீங்க?"

"கொஞ்சம் லேட்டாயிடுச்சும்மா."

"லேட்டா!" அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தாலும் புட்டியை நிரப்பிக் கொடுத்தாள்.

சிரிக்கட்டும். கடைசி ஆளுக்கும் ஒரு வசதி உண்டு: அவனை யாரும் முந்த முடியாது. புள்ளி அவசரப்படாமல் மிடறு மிடறாகக் குடித்தார். மணிக்கு ஒரு பொட்டலம், வழியில் கண்ட குழாய்களில் தண்ணீர். பனி கலைந்து ஏரி தெரிந்தது. தண்ணீரில் மேகம் ஓடியது, அவரோடு சேர்ந்து, அவர் வேகத்திலேயே. கிராம், கரண்டி, எல்லாம் மறந்துபோயிற்று. முப்பதாவது கிலோமீட்டரில் போன வருஷம் உட்கார்ந்த அந்த நடைபாதை ஓரம் வந்தது. அதில் ஒரு பூனை படுத்திருந்தது.

"நீயே வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுக் கடந்தார்.

நாற்பத்தொன்று. கால்கள் கனத்தன, ஆனால் கல்லாகவில்லை. தெருமுனையில் திரும்பியதும் முடிவிடம் தெரிந்தது. கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை. ஏணியில் ஒருவர் நின்று, வாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டு, பாதி தொங்கும் பதாகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முடிவு வளைவையும் பிரிக்கிறார்கள்!

"அண்ணே!" புள்ளி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார். "ஒரு நிமிஷம்! கழட்டிடாதீங்க! நான் ஒருத்தன் பாக்கி இருக்கேன்!"

உயிரைக் கொடுத்து ஓடினார். பதாகைக்குக் கீழே குனிந்து புகுந்து, அந்தப் பக்கம் போய் முழங்காலில் கைவைத்து நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. அதுவும் மனைவி கலந்த பொடியின் ருசியாகவே இருந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணே," என்றார் விம்மிக்கொண்டே. "எனக்காக உங்களையெல்லாம் காக்க வெச்சுட்டேன். ஆனா முடிச்சுட்டேன். கடைசி ஆளா வந்தாலும் என் கால்லயே வந்துட்டேன்."

ஏணிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வாயிலிருந்த கயிற்றை நிதானமாக எடுத்தார்.

"நான் கழட்டல சார், இப்பதான் கட்டிக்கிட்டிருக்கேன். ஓட்டமே நாளைக்குத்தான்."