சுவரைப் பார்த்து நின்ற கார்

இந்தக் காலத்து ஜனங்கள், பக்கத்து வீட்டுக் கொடியில் என்ன துணி காய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பல்லே தேய்க்கிறார்கள். பானியோவின் தீர்மானமான கருத்து இது. முன்பெல்லாம் திருடன் என்றால் பயந்து பயந்து வருவான். இப்போது வேலிக்கு மேலே தலையை நீட்டி, "காப்பி ஆச்சா?" என்று கேட்கிறான்.

சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது கார். மறுபடி திருப்பினார். அந்த 'டிக்'கும் இல்லை.

வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுத் திபோவின் தலை முளைத்தது.

"என்னண்ணே, இன்னிக்கும் செல்ஃப் எடுக்கலையா? காப்பி ஆச்சா?"

"உன் வேலையைப் பாரு."

ஒரு வாரமாக இதே கதைதான். சாயங்காலம் நன்றாக ஓடி வந்து வாசலில் நிற்கும் கார், காலையில் பிணமாகக் கிடக்கும். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளவேண்டும். தள்ளுகிறவர்களில் அதிகமாக முனகுகிறவனும் குறைவாகத் தள்ளுகிறவனும் திபோதான் என்பதைப் பானியோ கவனித்து வைத்திருந்தார்.

பழைய ஜப்பான் கார். மகள் மிண்டா குவைத் போய் முதன்முதலில் அனுப்பிய சம்பாத்தியத்தில் வாங்கியது. அங்கே அவள் ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். பானியோவின் மனைவி இறந்தபோது ஒரு வாரம் வந்தவள்தான். அப்புறம் ஒரு கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தாள், கிழவி படுத்துவிட்டாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் கிழவி படுத்தாள். இந்தத் தடவை டிக்கெட்டே எடுத்தாயிற்று.

"வேன் கீன் பிடிக்காதீங்கப்பா. நம்ம கார்ல நீங்களே மணிலா ஏர்போர்ட்டுக்கு வரணும். வெளியே வந்ததும் நான் அதைத்தான் பார்க்கணும்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

தன் ஊரான லீபாவிலிருந்து மணிலா வரை காரைத் தள்ளிக்கொண்டு போக முடியாது.

மெக்கானிக் ரோமெல் வந்தான். பாட்டரியின் ஒரு பக்கத்து ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைச் செருகிப் பார்த்தான். முள் லேசாகத் துடித்துவிட்டுப் படுத்தது.

"கார் தூங்கறப்ப எதுவோ கரண்ட்டைக் குடிக்குது. ஆனா இப்பக் குடிக்கல."

"பகல்ல குடிக்காம ராத்திரி மட்டும் குடிக்க, அது என்ன உங்க அப்பனா?"

ரோமெல் ப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். முள் அசையவில்லை. டிக்கி விளக்கைப் பார்த்தான், ஒழுங்காக அணைந்தது. காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"அந்தக் கறுப்புப் பெட்டி என்ன?"

முன்கண்ணாடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"எவனாவது வந்து இடிச்சா சாட்சிக்குப் படம் பிடிக்குமாம். மிண்டா வந்தப்ப ஒட்டினது. எவனும் இடிக்கல, அதுவும் சும்மாக் கிடக்கு."

ரோமெலின் கண் அதற்குள் அடுத்ததில் நின்றுவிட்டது. ஸ்டியரிங்குக்கு மேலே குழந்தை இயேசு சிலை. தலையைச் சுற்றிக் குட்டிக் குட்டி விளக்குகள்.

"இதுவாத்தான் இருக்கும். கழட்டிடுங்க."

"நீ கழட்டு. உன் தொழில்."

"சாமி உங்களோடது."

"பாவம் உனக்கு வரட்டும்டா, நீ சின்னப் பையன், நாளாவட்டத்துல கரைஞ்சுடும்."

கடைசியில் இருவரும் சிலுவை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு ஒயராகக் கழற்றினார்கள். மறுநாள் குழந்தை இயேசு இருட்டில் இருந்தார். காரும் அப்படியே கிடந்தது.

பாட்டரியை மாற்றினார்கள். புதுப் பாட்டரியும் செத்தது. டைனமோவை இறக்கி ஏற்றினார்கள். அதில் ஹாரன் ஊமையாயிற்று. ஹாரனைச் சரிசெய்யப் போய் வைப்பர் நிற்க மறுத்தது. சொட்டு மழை இல்லாத வெயிலில் சரக் சரக்கென்று வைப்பர் ஆட, பானியோ சந்தைக்குப் போனதைப் பார்த்துப் பிள்ளைகள் கையசைத்தார்கள். திபோ தொப்பியைக் கழற்றி வணக்கம் வேறு வைத்தான்.

அன்று மிண்டா போன் செய்தாள்.

"அப்பா, டாக்டர் வேண்டாம்னு சொன்ன சர்க்கரை ரொட்டியத்தானே காப்பில முக்கித் தின்னுறீங்க?"

பானியோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யார் சொன்னா?"

"யாரோ. பனி பெய்யற நேரத்துல சட்டை போடாம ஏம்ப்பா படியில உக்கார்றீங்க? வாசல் லைட்டைப் போட்டுட்டுக் குடிச்சா என்ன?"

"எனக்குக் காப்பி குடிக்க லைட் வேணுமா? வாய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"போடுங்கப்பா" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "எனக்காகப் போடுங்க."

கரண்ட் பில் அவளா கட்டுகிறாள் என்று நினைத்தார். கட்டுகிறவள் அவள்தான் என்பது ஞாபகம் வந்து, அதை விட்டுவிட்டு வேறு பக்கம் யோசித்தார். தினமும் விடிவதற்கு முன்னால் வாசற்படியில் உட்கார்ந்து அந்த ஊர்ப் பராக்கோ காப்பி குடிப்பது அவர் வழக்கம். அது யார் கண்ணுக்குத் தெரியும்? தெருவுக்குத் தெரியாது, மாமரம் மறைக்கும். தெரிவது ஒரே ஒரு வேலிக்கு.

திபோ! கோள் சொல்லி!

அப்படியே நிமிர்ந்தால், திபோவின் ஜன்னலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். சிவப்பும் பச்சையுமாக ஓடி ஓடி எரிகிறது. ஊரில் யாரும் ஏற்றாத நாளிலிருந்தே எரிகிறது. ராத்திரி முழுக்க எரிகிறது. பானியோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ரோமெலிடம் போனார்.

"என் பாட்டரியை உறிஞ்சித்தான்டா அவன் வீட்டு நட்சத்திரம் எரியுது."

"நடுவுல கம்பியே இல்லையேண்ணே?"

"இப்ப எதுடா கம்பியில வருது? போன் கம்பியிலயா வருது? பாட்டு கம்பியிலயா வருது?"

ரோமெல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேறொரு வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டான்.

அன்று சாயங்காலம் பானியோ காரைத் திருப்பினார். வழக்கமாக வீட்டு வாசலைப் பார்த்து நிற்கும் கார். அதைப் பக்கவாட்டுச் சுவரோடு மூக்கு உரச நிறுத்தினார். பானெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விரல்கூட நுழையாது. எவன் வந்து திறக்கிறான், பார்க்கலாம்.

காலையில் சாவியைத் திருப்பினார். ஒரே உறுமலில் கார் எழுந்துகொண்டது. அடுத்த நாளும் அப்படியே.

உயிர் வந்த காரை அணைக்கக்கூட இல்லை. வைப்பர் சரக் சரக்கென்று கைதட்ட, வேலிக்குப் போனார். போகும்போது வீட்டுக்குள் போன் அடித்தது. அடிக்கட்டும், நியாயம் முதலில்.

"வெளிய வாடா, கரண்ட் திருடா!"

திபோ வாய் நிறையப் பற்பசை நுரையோடு வந்தான். "என்னது?"

"பானெட்டைத் திறக்க முடியாம நிறுத்தினேன். ரெண்டு நாளும் ஸ்டார்ட் ஆச்சு. இதுக்கு என்ன சொல்றே?"

"யோவ், என் நட்சத்திரம் நேத்து ராத்திரியும் எரிஞ்சுதேய்யா!"

"அப்ப நேத்து எவன் கார்ல கைவச்சே, அதைச் சொல்லு!"

திபோ நுரையைத் துப்பினான். "அண்ணே, உங்க காரை நாலு பேரோட சேர்ந்து தினம் தள்ளினவன் நான்."

"நீ எங்கடா தள்ளினே? முனகினே! என் பொண்ணுகிட்டக் கோள் சொல்றதும் நீதான். ரொட்டி தின்னேன், சட்டை போடலைன்னு."

"மிண்டா நம்பரே என்கிட்ட இல்ல!"

தெரு கூடிவிட்டது. வைப்பர் மட்டும் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. பானியோ வேலிக்கு மேலே கையை நீட்டித் திபோவின் பனியனைப் பிடிக்கப்போனார்.

அப்போது தன் பெட்டிக்கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, திபோவின் மனைவி பெபாங் ஓடி வந்தாள். காதில் போன்.

"கையை எடுங்கண்ணே! மிண்டா பேசறா. நீங்க போனை எடுக்கலைன்னு கடை நம்பருக்குப் பண்ணியிருக்கா. அழறா."

பானியோவின் கை அந்தரத்தில் நின்றது. "கிழவி மறுபடி படுத்துடுச்சா? வரலையாமா?"

"வருவாளாம், அதெல்லாம் வருவாளாம். காரைத் திரும்ப வாசலைப் பார்க்க நிறுத்தச் சொல்றா" என்றாள் பெபாங். "டிக்கெட் எடுத்ததுலேருந்து, அந்தக் கறுப்புப் பெட்டி வழியா போன்ல ராத்திரியெல்லாம் உங்க வீட்டு வாசலைப் பார்த்துக்கிட்டேதான் கிழவி பக்கத்துல உக்காந்திருப்பாளாம், நீங்க காப்பியோட படிக்கு வந்தப்புறந்தான் தூங்கப் போவாளாம். ரெண்டு நாளா வெறும் சுவருதான் தெரியுதாம், உடனே அணைச்சிடறாளாம்."

திபோ வாயைத் துடைத்துக்கொண்டான்.

"தீப்பெட்டி அளவு இருக்கு, அது ஒரு பாட்டரியைக் குடிக்குதா?" என்றார் பானியோ. "யார்கிட்டக் கதை விடறீங்க?"

திபோவின் நட்சத்திரத்தை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். காரில் ஏறிப் பின்னுக்கு எடுத்து, வாசலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். இறங்கி, புறங்கையால் முன்கண்ணாடியைத் துடைத்தார்.

"எனக்கா தெரியாது, கரண்ட்டு எங்க போச்சுன்னு" என்று முணுமுணுத்தபடியே படியேறி, பட்டப்பகலில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.