மல்லிகா வேலைக்குப் போகட்டும்

மனித குலத்தில் ஆரம்பக்காரர் என்றொரு பிரிவு உண்டு. ரேஷன் கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் அவராக இருக்கலாம். உங்கள் சம்பந்தியாகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு தொலைக்காட்சித் தொடரின் பெயரை அவர் காதில் விழும்படி சொல்லிப் பாருங்கள். கண் பாதி மூடும். தலை இடவலமாக ஆடும். ஒரு பெருமூச்சு கிளம்பும். அதன் பின்னாலேயே அந்த வாக்கியம் வரும்: "இப்ப இன்னா சார் எடுக்கிறானுங்க? ஆரம்பத்துல எப்படி இருந்துச்சு தெரியுமா!"

தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களை உட்காரவைத்து முதல் எபிசோடிலிருந்து போட்டுக் காட்டுவார்.

செஞ்சி சக்கராபுரத்துத் தனசேகரன் இந்தப் பிரிவின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. உரக்கடையை மகன் குருவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த நாள் முதல் அவருக்கு ஒரே தொழில், 'மல்லிகா இல்லம்' தொடரின் முதல் இரண்டு சீசன்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. முதல் சீசனில் மல்லிகா பாவாடை தாவணியில் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். இரண்டாவதில் வாழ்க்கைப்பட்டுப் போய் மாமனார் வீட்டில் அல்லல்படுகிறாள். மூன்றாவதில் அவளே மாமியாராகிவிடுகிறாள் என்று கேள்வி. அதைத் தனசேகரன் அங்கீகரிக்கவில்லை. இரண்டாவது சீசன் முடிந்த கையோடு மல்லிகாவுக்கு மறுபடி தாவணியைக் கட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடவிட்டு விடுவார்.

காலையில் பல் விளக்கியதும் ராஜகிரி தெரிகிற ஜன்னலைச் சாத்தி (அந்தக் கோட்டையைப் பார்க்க எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆள் வருகிறது, இவருக்கோ திரையில் வெளிச்சம் அடிக்கிறது), துண்டை உதறித் தோளில் போட்டு, ரிமோட்டைத் துடைத்து, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் "இப்ப யாரு?" என்று உறுமி, மருமகள் கலைவாணி கொண்டுவந்து வைக்கும் டீயைப் பார்க்காமல் கையாலேயே தடவி எடுத்து, மல்லிகா வாயைத் திறப்பதற்கு ஒரு விநாடி முன்பே அவள் வசனத்தைச் சொல்லிமுடித்து, பின்னாலேயே அவளும் அதைச் சொன்னதும், தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துவிட்டதைப் போலப் பூரித்துப்போவார். மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தா படம் கண் சிமிட்டுகிற எபிசோடு எது, வளைகாப்பில் நான்காவது ஆளாக நின்றவள் வாயில் ஏன் பல் குத்தும் குச்சி இருந்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

இவர் பகுத்தறிவுவாதி என்பதையும் சொல்லிவிடவேண்டும். ராகு காலம் பார்க்கமாட்டார். ஜாதகத்தைக் கிழித்துப்போட்டவர். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் சிறப்புப் பேருந்துகள் பிதுங்கிக்கொண்டு போவதைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு தாங்காது. "பாத்த சாமியையே மாசாமாசம் போயிப் பாக்குதுங்க பாரு!" என்பார். சொல்லிவிட்டு உள்ளே போய் முதல் எபிசோடைப் போடுவார்.

அதோடு, ஒரு கதாபாத்திரத்தை முன்கூட்டியே எச்சரித்தால் அது திருந்திவிடும் என்ற நம்பிக்கையும் அவருக்கு உண்டு. நாத்தனார் பாலில் எதையோ கலக்கும் காட்சி வரும். "குடிக்காதம்மா! அவ இன்னாமோ கலந்துட்டா!" என்று எழுந்தே நின்றுவிடுவார். மல்லிகா குடித்துவிடுவாள்.

"இவ்ளோ சொல்லியும் கேக்கல பாரு."

அவர் மனைவி சுந்தராம்பாள் கீரை ஆய்ந்தபடியே சொல்வாள்: "போன தடவையும் குடிச்சா. அப்பவும் சாவல. விடுங்க."

பக்கத்து வீட்டில் லூர்துநாதன் இருக்கிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் நேற்று ராத்திரி வந்த எபிசோடைப் பார்க்கிற கட்சி. சாமி விஷயத்தில் இரு வீட்டுக்கும் என்றைக்கும் சண்டை வந்ததில்லை. மல்லிகா விஷயத்தில் வாரம் ஒருமுறை வரும்.

"சேகரு, நேத்து மல்லிகா இன்னா பண்ணா தெரியுமா? மருமவளை..."

"வாத்தியாரே, வாயை மூடு! என் மல்லிகா அப்படிப்பட்டவ இல்ல."

"உன் மல்லிகா, என் மல்லிகா, ரெண்டும் ஒரே ஆளுதான்யா."

"வேற வேற."

"எப்படிய்யா வேற?"

"உனக்குச் சொன்னா புரியாது. இது கதை இல்ல வாத்தியாரே, வாழ்க்கை."

இந்த வாழ்க்கையில் தனசேகரனுக்கு ஜென்ம விரோதி ஒருவன் உண்டென்றால் அது மல்லிகாவின் மாமனார் சபாபதிதான். மல்லிகா பட்டதாரி. வங்கியில் வேலை கிடைக்கிறது. சபாபதி நாற்காலியில் சாய்ந்து, தோள் துண்டைத் தடவி, "நம்ம வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கம் இல்ல" என்கிறான். அந்த இடத்தில் தனசேகரன் தன் தோள் துண்டை உருவித் திரை மேல் வீசுவார். "நீயெல்லாம் மனுசனாடா! படிச்ச பொண்ணை வூட்டுல பூட்டி வச்சு இன்னாடா பண்ணப்போற? அது படிப்புக்கு ஒரு மரியாத வேணாம்?" கண்ணீர் வழியும். நிஜமான கண்ணீர். அந்தச் சமயத்தில் பக்கத்தில் டீயோடு நிற்பது யார்?

கலைவாணி. லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் வேலை பார்த்தவள். மஞ்சள் கயிறு ஏறிய பிறகு "பாக்கலாம்" என்றார்கள். சான்றிதழ் பீரோவில் முகூர்த்தப் புடவைக்கு அடியில் போனது. உச்சி வெயிலில் களையெடுக்கவும், கட்டட வேலையில் ஜல்லி சுமக்கவும் போகும் மருமகளை எந்த மாமனாராவது வழிமறித்து வழக்கம் பேசியிருக்கிறானா? மாட்டான். ஒரு பெண் படித்த படிப்புக்கான நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்றால்தான் குடும்ப கௌரவம் தூக்கம் கலைந்து எழுந்துகொள்கிறது.

இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேறு பெண்ணைப் போட்டுக்கொள்வார்கள். புருஷனிடம் கேட்டாள். குரு, "நைனாவைக் கேளு" என்றான். அவன் அகராதியில் எல்லாக் கேள்விக்கும் அதுதான் பொருள்.

மல்லிகாவின் கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளி பாதி வழி இறங்கியிருந்த நேரம் பார்த்துக் கலைவாணி வந்து நின்றாள். தனசேகரன் படத்தை நிறுத்தினார். துளி அப்படியே தொங்கியது.

"மாமா, திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க."

"எங்க?"

"லேப்புக்கு. அன்னிக்கே சொன்னேனே."

"இரும்மா. இவ வேலைக்குப் போறதே இன்னும் முடிவாகல."

"அவ போயிடுவா மாமா. உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும். இருந்தாலும் அந்தச் சபாபதி இருக்கிறானே, லேசுல விடமாட்டான்."

"நீங்க விடுவீங்களா?"

தனசேகரன் நாற்காலியில் சாய்ந்தார். தோள் துண்டைத் தடவினார். "இந்தா பாரும்மா, அது கதை. இது குடும்பம்."

துளி மட்டும் விழுந்துவிடக் காத்திருந்தது. கலைவாணி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையில் சுந்தராம்பாள் மகனைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், நீ இன்னாடா சொல்ற?"

"நைனா வேணாங்குறாரே."

"நைனாவுக்கு இன்னாடா? டீ வரணும், அவ்ளோதான். அது யார் கையில வந்தா அவருக்கு இன்னா தெரியப்போவுது? திங்கக்கெழம காலைல நீ போடு. கடைய ஒம்போது மணிக்குத் தொறந்தா பயிர் காஞ்சி பூடாது."

"எனக்குப் போடத் தெரியாதேம்மா."

"யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் வித்தியாசம் தெரியுதுல்ல? இதுவும் தெரியும், போ."

திங்கட்கிழமை. ஜன்னல் சாத்தியாயிற்று, துண்டு உதறியாயிற்று. தனசேகரன் வழக்கம்போல் பார்க்காமலே கையை நீட்டித் தடவினார். டம்ளர் அகப்பட்டது. கூடவே மயிர் அடர்ந்த ஒரு முழங்கையும் அகப்பட்டது. திடுக்கிட்டுத் திரும்பினால், குரு. அவன் சட்டைப் பையில் ஒரு தாள் குத்தியிருந்தது. கலைவாணியின் கையெழுத்து: 'கலைவாணிக்குப் பதில் இனி இவர்.'

தொடர் பார்க்கிற தமிழர்களுக்கு இந்த வரியை விளக்கவேண்டுமா? நடித்துக்கொண்டிருந்தவர் விலகிப் போய்விட்டால், புதியவர் முகத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி ஓடும். அவ்வளவுதான். அதன்பின் கட்டிய மனைவி கூட "யாருய்யா நீ?" என்று கேட்பதில்லை. மல்லிகாவின் புருஷன் இரண்டு தடவை இந்த வரியால் மாறியிருக்கிறான்; இரண்டு தடவையும் தனசேகரன் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். கொழுந்தன் ஒருவன் இரண்டடி வளர்ந்து திரும்பி வந்தான், அதையும் ஏற்றுக்கொண்டார். சொந்தப் பிள்ளை டீயோடு வந்து நின்றதை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"எங்கடா அவ?"

"வேலைக்குப் போயிட்டா நைனா."

டீயைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மருமகளைக் கையோடு அழைத்து வருவதென்று முடிவு.

பரிசோதனைக் கூடத்தில் காலையிலேயே கூட்டம். வெள்ளைக் கோட்டில் கலைவாணி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனசேகரன் வரிசையைத் தாண்டிப் போய் மேசை மேல் கையை ஊன்றி முழங்கினார்:

"காலைலேர்ந்து ஒரு வாய் டீ கூடக் குடிக்கல நானு!"

"தண்ணிதான் குடிச்சீங்களா மாமா?"

"ஆமா!"

"வெறும் வயிறு. நல்லதாப் போச்சு, உக்காருங்க."

அவர் சொல்லவந்தது வேறு. ஆனால் பின்னாலிருந்து ஒரு குரல், "பெரியவரே, வரிசையில பூந்ததும் இல்லாம நின்னு பேசிக்கினு வேற இருக்கிறீங்க. சீக்கிரம் குடுத்துட்டு எழுந்திருங்க, எங்களுக்கும் பசிக்குது" என்றது. இன்னொரு குரல் அதை ஆதரித்தது. மனிதர் உட்கார்ந்தார். நாத்தனார் கலந்த விஷத்துக்குச் சற்றும் அஞ்சாதவர், ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது பஞ்சு வைத்தாகிவிட்டது.

"வலிச்சிதா மாமா?"

"எப்பக் குத்தின?"

"குத்தியாச்சு. போயி நாலு இட்டிலி சாப்புடுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும். அது வரைக்கும் இங்கயே உக்காருங்க."

கோபமாக வந்தவரை இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்வது சரியான அரசியல். எதிர்க்கடையில் இட்டிலி தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். சுவரில் தொலைக்காட்சி. ராத்திரி வந்த ஏதோ தொடரின் மறுஒளிபரப்பு. காதோரம் வெள்ளைச் சாயம் பூசிய ஒரு கண்ணாடிக்காரி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். எதிரே ஒரு சின்னப் பெண், கையில் வேலைக்கான ஆணையோடு கெஞ்சிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "கேடு கெட்டவ" என்று ஆரம்பித்துவைத்தாள். தனசேகரனுக்கு வேறென்ன வேண்டும்? இரத்தம் கொதித்தது, கொஞ்சம் முன்புதான் எடுத்திருந்தார்கள் என்றாலும் கொதித்தது. எழுந்தே நின்றுவிட்டார்.

"அடிப்பாவி! ராட்சசி! அந்தப் பொண்ணு வேலைக்குப் போனா உனக்கு இன்னாடி கொறஞ்சி பூடும்? யாரும்மா இந்தப் பொம்பள?"

"தெரியாதா உங்களுக்கு?" என்றாள் அந்த அம்மாள். "மல்லிகாதான்."

நின்றவர் நின்றபடியே இருந்தார். பரிசோதனைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அறை வாசலில் கையுறையோடு கலைவாணியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாமா, யாரைத் திட்டுறீங்க?"

தனசேகரன் மெல்ல உட்கார்ந்தார். இரண்டாவது தடவை ரத்தம் எடுக்கும்போது கண்ணைக்கூட மூடவில்லை. கிளம்பும்போது செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டு கேட்டார்: "எத்தினி மணிக்கு வுடுவாங்க?"

"ஆறாவும் மாமா."

"பஸ் ஸ்டாண்டாண்ட கூட்டமா இருக்கும். பாத்து வா."

திருந்திவிட்டார் என்று அவசரப்பட்டு மகிழாதீர்கள். ஆரம்பக்காரர்கள் திருந்துவதில்லை, ஆரம்பத்துக்குத் திரும்புவார்கள். மறுநாளே மல்லிகா தாவணியில் பஸ்ஸுக்கு ஓடினாள். கலைவாணியும் தினம் வேலைக்குப் போகிறாள். "மருமவளை வேலைக்கு அனுப்பினதே நான்தான் வாத்தியாரே. படிப்புக்கு ஒரு மரியாத வேணாம்?" என்று தனசேகரன் லூர்துநாதனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கலைவாணி மறுத்துப் பேசுவதில்லை. அவளுக்கு நேரமில்லை.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். சந்தோஷம். போவதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை, ஊசி கிடையாது. உங்களுக்குப் பிடித்த தொடரில் கதாநாயகியின் கொழுந்தனுக்குப் பெயர் என்ன? பார்த்தீர்களா, கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. சரி, உங்கள் வீட்டுக்கு வாழ வந்த பெண், கல்யாணத்துக்கு முன்னால் என்ன படித்தாள்?

பரவாயில்லை, மெதுவாக யோசியுங்கள். சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டுவிடாதீர்கள்.