ஹலோவீனுக்கு ஒரு குடும்பப் படம்

ஒரு குடும்பம் எவ்வளவு ஒற்றுமையானது என்று அறிய ஆசைப்பட்டால், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு படத்தைத் தெரிவு செய்யச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சோதனை நடந்து வருடங்களாகிவிட்டன. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்போது நாங்கள் டென்மார்க்கில், சில்க்போர்க்கிலிருந்து ஹ்விடோவ்ரேக்குக் குடிவந்த புதிது. மகள் அபிராவுக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதிகூட இல்லை. வகுப்புப் பிள்ளைகள் சிறு குழுவாக, முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் விளையாடப் போவது இங்கே வழக்கம். எங்கள் முறை வந்து விழுந்தது ஹலோவீன் அன்று.

"மம்மா, பயமான படம் ஒண்டு போடவேணும். இல்லாட்டி பிறகு ஒருத்தரும் வரமாட்டினம்" என்று பாதி டேனிஷிலும் பாதி தமிழிலும் கெஞ்சினாள்.

அவள் காட்டிய படங்களையெல்லாம் நானும் கணவரும் தள்ளிக்கொண்டே போனோம். ஒன்றில் இரத்தம். இன்னொன்றில் பேய் வீட்டுக்குள் நின்று இரண்டு பேர் முத்தம் கொடுத்தார்கள். (பேய் கழுத்தைக் கடிக்கலாம். உதட்டுப் பக்கம் போனால் அது குடும்பப் படமல்ல. சட்டம் போட்டவள் நான்தான்.)

"இஞ்சாரும், ஏன் மண்டையை உடைக்கிறீர்?" என்றார் கணவர். "அம்மன் படம் ஒண்டு கிடக்கு. வெள்ளிக்கிழமையில பிள்ளையை மடியில வைச்சுப் பார்க்கிற படம்தானே?"

"அதில பேயும் வருமே?"

"ஓம், வரும். அம்மன் வந்து அழிச்சுப்போடுவா. பயமும் இருக்கு, பக்தியும் இருக்கு."

எனக்கு அது சரியென்றே பட்டது! இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. "நை, மோர்! வேண்டாம் மம்மா!" என்று அபிரா காலை உதைத்தாள். யார் கேட்டது?

அன்று வெள்ளிக்கிழமை, எனக்கு விரதம். தலை முழுகி, கூந்தலை விரித்து உலரவிட்டு, பெரிய குங்குமப் பொட்டோடு குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். மந்திரவாதி வந்தபோது பிள்ளைகள் சிரித்தது கேட்டது. பேய் வந்தபோது கைதட்டினார்கள். பிறகு, நாங்கள் நம்பியிருந்த அம்மன் வந்தார். கண்கள் உருண்டன, நாக்கு வெளியே வந்தது, சூலம் மந்திரவாதியின் வயிற்றில் இறங்கியது. வீடே அலறியது.

ஓடிப்போய்ப் பார்த்தால், பிரேயா என்ற பிள்ளை சோபாவுக்குப் பின்னால் பதுங்கி அழுகிறாள். இவரோ ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ, அவ நல்லவ" என்று டேனிஷில் விளக்கம் கொடுக்கிறார்! திரையில் சூலத்திலிருந்து இரத்தம் சொட்டுகிறது!

எனக்கு வந்ததே கோபம்.

"நிப்பாட்டுங்கோ அதை! உங்களுக்கு அறிவிருக்கே?" என்று கத்தி, வடை எடுக்கும் கரண்டியை ஓங்கினேன். ஓங்கிய பிறகுதான் உறைத்தது: ஊரார் பிள்ளைகளுக்கு முன்னால் புருஷனைத் திட்டிவிட்டேன். பிழைவிட்டால் நம் பெண்கள் செய்வதையே நானும் செய்தேன். கண்ணை அகல விரித்து, நாக்கை வெளியே நீட்டிப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள். விரித்த கூந்தலும் பொட்டும் ஓங்கிய கரண்டியும் நீட்டிய நாக்குமாக நின்ற என்னைப் பார்த்தார்கள். சப்பாத்தும் போடாமல் வெளியே ஓடினார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோரிடம் இவர் சப்பாத்துகளைச் சோடி பார்த்துக் கொடுத்தார். அபிரா அறைக்கதவை அடித்துச் சாத்தினாள். "இனி ஒருத்தரும் வரமாட்டினம்!" என்று உள்ளேயிருந்து கேட்ட அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. அந்த வார இறுதி முழுவதும் நான் இவரோடு கதைக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தவள் வாசலிலேயே துள்ளினாள். "மம்மா, முழு வகுப்பும் எங்கடை வீட்டை வரவேணுமாம்!"

"ஐயோ, என்ன படம் போடுறது?"

"படம் வேண்டாமாம். நீங்கள் கோவிச்சாலே போதுமாம்."

பிரேயா இன்று எங்கள் அபிராவின் உயிர்ச் சிநேகிதி. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும், கழற்றிய சப்பாத்தை வாசலில் விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருப்பாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாய் திறக்கத்தான் வழியில்லை. நான் குரலை உயர்த்தினால் போதும், இவர் எழுந்துபோய் லைட்டை அணைத்துவிட்டு, "வந்து இருங்கோ பிள்ளையள், படம் தொடங்குது" என்கிறார்.