பெங்குவின் கூட்டத்தில் ஓர் இடம்

எஸ்கிலின் கேமரா பேட்டரி குளிரில் செத்துப்போனது. அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கலாம் என்று கையுறையைக் கழற்றினான். காற்று கையுறையைப் பிடுங்கிக்கொண்டு போனது.

துரத்திப் பிடித்திருப்பான். ஆனால் ஒரு பெங்குவின் அவன் முழங்காலை ஒட்டி வந்து நின்றுவிட்டது. அதன் பாதங்களின் மேல் ஒரு முட்டை.

அந்தத் தென்துருவப் பனிவெளியில் படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. பெங்குவினை நெருங்கக் கூடாது. அதுவே நெருங்கி வந்தால், அதுவாகப் போகும்வரை அசையக் கூடாது. குளிர்காலம் முழுக்க அப்பன்மார்தான் முட்டையைப் பாதத்தில் தாங்கி, வயிற்று மடிப்பால் மூடி நிற்பார்கள். மிரண்டு ஒரு காலடி தப்பினால் முட்டை பனியில் விழும். உள்ளே இருக்கும் குஞ்சு சற்று நேரத்தில் விறைத்துவிடும்.

எஸ்கில் குல்லாயைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான். இப்போது காது மரத்தது. முகாம் குடிலில் இருந்த சுன்னிவாவை வாக்கி டாக்கியில் கூப்பிட்டான். அவள் பறவை ஆராய்ச்சிக்காரி, குழுவின் தலைவியும்கூட.

"அசையாத. ஒரு முட்டை விழுந்தாலும் நம்ம அனுமதி போச்சு."

"நான் விழுந்தா?"

"உன்னைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல" என்றாள். அவள் உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னாள்.

முகம் எரிந்ததால் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். இன்னும் நாலைந்து பறவைகள் வந்தன. மேல்கோட்டை விரித்து மெல்ல ஆட்டினால் ஒதுங்கிப் போகும் என்று விரித்தான். பெரிய கும்பலே வந்துவிட்டது. பிறகு பனிப்புயல் இறங்கியது. குடிலுக்கு வழிகாட்டக் கட்டியிருந்த கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை. வாக்கி டாக்கியும் வாயை மூடிக்கொண்டது.

செத்தோம் என்று நினைத்தான். முதுகில் உணர்வே இல்லை. பயத்தில் அம்மாவைக் கூப்பிட்டான். அப்போதுதான் தொடையில் ஒரு கதகதப்பு ஏறியது, பிறகு வயிற்றில். பறவைகள் நெருக்கியடித்து அவன்மேல் சாய்ந்திருந்தன. இயற்கைக்கு இரக்கம் கிடையாது என்று படத்துக்குப் படம் சொல்லி விருது வாங்கியவன் அவன். இன்று அதற்கு வெட்கப்பட்டான். கண்ணீர் இமையிலேயே உறைந்தது.

புயல் தணிந்ததும் சமையல்காரன் ஓட்வார்தான் கயிறு கட்டிக்கொண்டு வந்து அவனைச் சறுக்குவண்டியில் போட்டு இழுத்துப் போனான். குடிலில் காலுறையை உரித்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. ஊருக்குத் திரும்பும்போது அவை கூட வராது என்று எல்லோருக்கும் புரிந்தது.

எஸ்கிலுக்கு அதுகூடப் பெரிதாகப்படவில்லை. வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, அந்தப் பறவைகள் தன்னைத் தங்களில் ஒருவனாக எடுத்துக்கொண்டதைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"எனக்கு இனி யாரும் அந்நியம் இல்ல சுன்னிவா. விரல் போனாப் போகுது."

சுன்னிவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருட ஆராய்ச்சியில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்றாள். பிறகு அவளுக்குத் தன் கவலை வந்தது. அத்தனை நெருக்கத்துக்குள்ளிருந்து ஒரு முட்டைகூட விழாமல் எஸ்கிலை எப்படி வெளியே எடுத்தாய் என்று ஓட்வாரைக் கேட்டாள்.

ஓட்வார் மீன் சூப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னான்.

"பின்னாடியிருந்துதான் இழுத்தேன். காத்து அடிக்கிற பக்கம் ஒரு பறவைகூட இல்ல, அத்தனையும் இவன் மறைவுலதான் நின்னுச்சுங்க. இவனைத் தூக்கினதும் என்னைப் பாத்து வர ஆரம்பிச்சிடுச்சுங்க."