நான் நிமிர்த்திய கோபுரம்

கோணலாக எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். அடுத்த வீட்டுச் சுவரில் சாமி படம் சாய்ந்திருந்தால், அதை நிமிர்த்திவிட்டுத்தான் அவர்கள் கொடுத்த காப்பியைத் தொடுவேன். (இப்போது அந்த வீட்டில் காப்பி கொடுப்பதில்லை.) இந்தப் புத்தியோடு சிவகாசி அச்சகம் ஒன்றில் படம் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் காலண்டர் சீசனிலேயே, புதுச்சேரி ஏஜென்ட் ஒருவர் மூலம் பிரான்சிலிருந்து ஆர்டர் வந்தது. எங்கள் ஊர் மல்லாங்கிணற்றில் இரண்டு தெருவுக்குள் அடங்கிவிடும் அளவு சின்ன ஊர் அது. ஊரின் பழம்பெருமையைக் காலண்டராகப் போட ஆசைப்பட்டுப் பன்னிரண்டு படங்கள் அனுப்பியிருந்தார்கள். ஊருக்கே பொதுவான ரொட்டி அடுப்பு, துணி துவைக்கும் கல் மண்டபம், பழைய பாலம், இப்படி. எல்லாவற்றிலும் பின்னால் மாதா கோயில் கோபுரம். அது பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது.

படம் எடுத்தவருக்குக் கை நடுங்கியிருக்கிறது என்று நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. மூன்று நாள் தலை நிமிராமல் உட்கார்ந்து பன்னிரண்டு கோபுரங்களையும் நிமிர்த்தினேன். அனுப்பிய அச்சு மாதிரியில் ஏஜென்ட் எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றார். லோடு கிளம்பியது.

அது போய்ச் சேர்ந்த வாரம் முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று தலையில் பூவைச் சரிசெய்துகொண்டு போனேன். செல்போன் திரையில் அந்த ஊர்த் தலைவரம்மா ஒரு கையில் எங்கள் காலண்டரைப் பிடித்தபடி, மறு கையால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். வெளியே கோபுரம், முறுக்குக் குறையாமல் நின்றது.

அதே அழைப்பில் இருந்த ஏஜென்ட் தமிழில் சொன்னதைக் கேட்ட அண்ணாச்சி என்னிடம் திரும்பினார். "ஏம்மா, அந்தக் கோபுரமே அப்படித்தானாம். அதப் பாக்கத்தான் அந்த ஊருக்கு ஆளே வருதாம்."

"நேரா இருந்தா நல்லாருக்குமேன்னு…"

"நல்லாத்தாம்மா இருக்கு. அவுக ஊரு மாதிரிதான் இல்ல."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் தலைவரம்மா என் முகத்தைப் பார்க்கக் கேட்டார். பார்த்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சரியான காலண்டர் வேண்டும், இதையும் திருப்பித் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார். மறுபதிப்பின்போது அண்ணாச்சி என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முறுக்கையும் சரிபார்த்தார்.

விஷயம் வீட்டுக்குத் தெரியாமலா இருக்கும்? மறு வருஷம் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, அவள் படத்தைக் கொஞ்சம் சரிசெய்து தருகிறேன் என்றேன். அத்தை வெடுக்கென்று படத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"எம் மக மூக்கு கோணல்தான். அது அவ தாத்தா வழி வந்தது. நீ தொட்டுறாத தாயி."

கல்யாணம் நல்லபடி நடந்தது. அவள் மகனுக்கும் அதே மூக்கு. அவன் பிறந்தநாளுக்குப் படம் எடுக்கும்போதெல்லாம், என்னை ஏதாவது சாக்குச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.