பின்னால் போன வண்டி விஷயமாக மாப்பிள்ளைக்கு

வேப்பம்பட்டு,
வெகுதானிய வருஷம் புரட்டாசி 6-ஆம் தேதி.

பூந்தமல்லியில் சர்வே இலாகா உத்தியோகம் பார்த்துவரும் மாப்பிள்ளை சிரஞ்சீவி வரதன் அவர்களுக்கு, மாமனார் உலகநாதன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிப்பதுதான் முறை. முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவனுக்கு அந்த முறை தெரியாமல் இல்லை. ஆனால் இவ்விடம் சுகமாக இருப்பது மாடு ஒன்றுதான். உங்கள் முகத்தில் விழிக்க எனக்குக் கூசுகிறது. அதனால் கடுதாசியில் விழிக்கிறேன்.

ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்த வடிவை அழைத்துப்போக ஆவணி மூன்றாம் தேதி நீங்கள் மோட்டார் சைக்கிளில் வந்தீர்கள். சாப்பிட்ட கையோடு அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினீர்கள். மேற்படி வண்டி தெருமுனை வரை போய் நின்றது. மறுபடி கிளப்பினீர்கள், மறுபடி நின்றது. "டைமிங் தப்பிகினு கீது மாமா, நெருப்புப் பொறி வேளைக்கு வரல" என்று வேர்க்க விறுவிறுக்கச் சொன்னீர்கள். அப்போது நான், வழியனுப்ப வந்த பத்துப் பேர் எதிரில், "நின்ன வண்டியைக் கிளப்பத் தெரியாதவரு குடும்பத்த எங்க கொண்டுபோயி சேர்க்கப்போறாரு?" என்று கேட்டேன். பத்துப் பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும், "வண்டி கிளம்பினா சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு, வண்டியையும் வடிவையும் அவள் பெட்டியையும் விட்டுவிட்டுத் திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விட்டீர்கள். இன்றோடு முப்பத்தைந்து நாள் ஆகிறது. பெண் என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

ஆகையால் அந்த வண்டியை என் கையாலேயே கிளப்பிவிட்டு உங்களுக்குச் சொல்லி அனுப்புவது என்று, நல்ல நினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் தீர்மானித்தேன். வண்டிப் பையில் இருந்த இங்கிலீஷ் புஸ்தகத்தை இரண்டு நாள் படித்தேன். பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் சைக்கிள் கம்பியை விட்டு, உள்ளே பிஸ்டன் உச்சிக்கு வருவதைப் பார்க்கவேண்டும். காந்தம் வைத்த அந்தப் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி, பொறி வரும் இடத்தைக் குறித்து, நட்டை முடுக்கவேண்டும். இதெல்லாம் குற்றமில்லாமல் செய்தேன். ஆனால் சக்கரத்தை இடப்புறமாகச் சுற்று என்று அதில் போட்டிருந்தது. மாப்பிள்ளை, கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண் வீட்டில் இருக்கும்போது நான் ஒரு சக்கரத்தை இடமாகச் சுற்றுவேனா? சாவு வீட்டில் அல்லவா இடமாகச் சுற்றுவார்கள்? வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று, கிழக்குமுகமாக உட்கார்ந்து, வலமாகவே சுற்றி முடுக்கினேன்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் தகப்பனார் கங்காதரன் அவர்கள் சமாதானம் பேச வந்தார். வீட்டுக்குப் போய்க் கிணற்றங்கரையில் சறுக்கியதாகச் சொல்லியிருப்பார். அது உண்மையல்ல. அவருக்கு இடுப்புப் பிடித்ததற்கு முழுப் பொறுப்பும் என்னைச் சேர்ந்தது. பெட்ரோல் ஊற்றி நான் மூன்று உதை உதைத்தும் வண்டி என் காலைத்தான் திருப்பி உதைத்தது. அவர், "இன்னா சம்பந்தி, பத்திரம் எழுதற கைக்கு இதெல்லாம் வருமா? நவுரு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஒரே உதை, கிளம்பிவிட்டது. நான் கைதட்டினேன். வடிவு கூட வாசலுக்கு வந்துவிட்டாள். அவர் தெருவைப் பார்த்துக் கம்பீரமாக கியரைப் போட்டார்.

வண்டி பின்னால் போனது மாப்பிள்ளை. உங்கள் தகப்பனார் முன்னால் பார்த்தபடியே பின்னால் போனார். காயப்போட்ட வேர்க்கடலை மேல் போய், வைக்கோல் போரை உரசி, "சம்பந்தி! சம்பந்தி!" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே எருக்குழியில் இறங்கினார். நான் அவருக்குக் கொடுத்த மரியாதை அது. நானும் வடிவுமாகத் தூக்கிக் குளிப்பாட்டி, என் வேட்டியைக் கட்டி அனுப்பினோம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவரே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதையும் இந்தக் கடுதாசியில் மீறிவிட்டேன்.

மறுநாள் திருநின்றவூரிலிருந்து தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் கலீல் ரகுமானைக் கூட்டிவந்தேன். அவர் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, சக்கரத்த எந்தப் பக்கம் சுத்தின?" என்றார். சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டு, "பொறி ரொம்ப முந்திகினு வருது. இது சின்ன எஞ்சினு, இதுக்கு முன்னாலயும் ஒண்ணுதான், பின்னாலயும் ஒண்ணுதான். நீ காட்டின பக்கம் சுத்துது, அது இன்னா பண்ணும்?" என்று சிரித்தார். பிறகு புஸ்தகத்தில் போட்டபடியே வைத்துக்கொடுத்து ஓட்டியும் பார்த்தார். இப்போது முன்னால் போகிறது. ஆனால் ஏரிக்கரை வரை போய், உங்களுக்கு நின்றதுபோலவே நின்றுவிட்டது. "டைமிங் சரியாத்தான் கீது, வேற இன்னாவோ" என்று தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போனார்.

ஆக, வண்டி கிளம்பவில்லை. கிளம்பியதாகச் சொல்லி அனுப்ப எனக்கு யோக்கியதை இல்லை. நான் அன்று பேசியதை அதே பத்துப் பேரைக் கூட்டி ரத்து செய்கிறேன். வண்டி கிடக்கட்டும், வடிவுக்காக வாருங்கள். சம்பந்தியம்மாளுக்கு என் மரியாதை, உங்கள் தகப்பனாருக்கு எதைச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் இருவரும் பதினாறும் பெற்று, என்னுடையது போன்ற வாய் இல்லாமல், நூறு வருஷம் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உலகநாதன்

பி.கு.: மேற்கண்டதை வடிவுக்குப் படித்துக் காட்டினேன். டைமிங் சம்பந்தமாக எழுதிய அத்தனையும் தள்ளுபடி. "வண்டிக்கு ஒண்ணும் இல்ல நைனா. பெட்ரோல் மூடியில மூச்சு உடற ஓட்ட ஒண்ணு கீது, அத நான்தான் பொட்டு மெழுகு வெச்சி அடைச்சேன்" என்றாள். அந்தத் துளை அடைந்தால் வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும் என்று நீங்களே ஒரு நாள் அவளுக்குச் சொன்னீர்களாம். இன்னாத்துக்குடி என்று கத்தினேன். "ஒரு நாளு தங்குவாருன்னுதான். அவுங்க ஊட்ல பதினோரு பேரு. அவரு என்னாண்ட நின்னு ரெண்டு வார்த்த பேச முடியல" என்று சொல்லிவிட்டு அழுதாள். உங்களை ஒரு நாள் நிறுத்தப் பார்த்தாள் என் பெண், நான் ஒரு வார்த்தையில் உங்களை ஓட்டிவிட்டேன். மெழுகை எடுத்தாகிவிட்டது. நீங்கள் இரண்டு நாள் தங்குகிறாற்போல் வாருங்கள். அந்த இரண்டு நாளும் நான் திருவள்ளூரில் என் தம்பி வீட்டில் இருப்பேன்.